நாற்பதாம் பக்கம்

மூன்றாவது தடவையாக அந்தக் கல்யாண ஆல்பம் மேஜைமேல் வந்து விழுந்தது. போட்டவர் பெண்ணின் அப்பா.

"நாப்பது பக்கம் சம்பந்தி வீடு. அதுக்கப்புறம்தான் நாங்க. எங்க ஆளுங்கள மொத்தமா கடைசியில தள்ளி வச்சிருக்கீங்க. சம்பந்தி உங்களுக்கு ரொம்ப வேண்டியவரோ?"

ஆல்பக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஸ்டூடியோவில் படங்களை வரிசைப்படுத்தி ஆல்பமாக்குவது அவர் வேலை. எத்தனையோ வீட்டுச் சண்டைகளைப் பார்த்த மனுஷர்தான். ஆனால் கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகியும் ஓயாத சண்டையை இப்போதுதான் பார்க்கிறார்.

"சார், என் கம்ப்யூட்டர்ல ரெண்டு வீடும் கலந்துதான் இருக்கு, நீங்களே பாருங்க. போன தடவை ஒவ்வொரு படமா கையால இழுத்து வச்சு அனுப்பினேன். பிரஸ்ஸுக்குப் போனா மாறிடுது."

"மூணு தடவையுமா மாறும்?" என்று கேட்டவரின் குரல் சட்டென்று இறங்கியது. "எங்க வீட்டுக்கு வந்திருக்கிற எம் பொண்ணு நாலு நாளா ரூம விட்டு வெளியே வராம இதையேதான் புரட்டிட்டு இருக்கா. இது ஒழுங்கா வந்தாத்தான் நான் சம்பந்தி வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை பேச முடியும்."

அவர் படியிறங்கிப் போனதும் முதலாளி வந்தார்.

"மாப்பிள்ளையோட அப்பா இப்பதான் போன் பண்ணாரு. ஆல்பத்தை அவரும் பாத்தாராம், பிரமாதமா இருக்காம். ஒரு பக்கத்தைக்கூடத் தொடக் கூடாதாம்." முதலாளி பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால மாட்டிக்கிட்டு முழிக்க முடியாது. நாலாவது தடவை இது திரும்பி வந்துச்சுன்னா, ஆல்பத்தோட நீங்களும் கிளம்பிடுங்க."

பன்னிரண்டு வருஷத்து வேலை. ஆல்பக்காரருக்குக் கோபம்கூட வரவில்லை, அசதிதான் வந்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வெயிலோடு வெயிலாகப் பிரஸ்ஸுக்கு நடந்தார்.

"நீங்க எப்படி அடுக்கி அனுப்பினாலும், இந்த மெஷின் ஃபைல் பேரப் பாத்துத்தான் பக்கம் போடும்" என்றார் பிரஸ்காரர்.

"என் கம்ப்யூட்டரும் பேரப் பாத்துத்தான் அடுக்குது. அதே பேரு, அதே படம். அங்க ஒரு வரிசை, இங்க ஒரு வரிசை எப்படி வரும்?"

இரண்டு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தார்கள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

கல்யாணத்துக்கு வீட்டுக்கு ஒருவராக இரண்டு கேமராக்காரர்கள். வாசலுக்கு ஏ, மேடைக்கு பி, சாப்பாட்டுக்கு சி, எழுத்துக்குப் பின்னால் படம் எடுத்த நேரம் என்று பெயர் வைக்கும் முறையை இருவரும் பேசிவைத்திருந்தார்கள். ஒன்றை மட்டும் பேச மறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கேமராக்காரர் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் தட்டியிருந்தார், பெண் வீட்டுக் கேமராக்காரர் சின்ன எழுத்தில்.

பிரஸ்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "போன மாசம்தான் மெஷின மாத்தினோம். இதுக்கு மொழி எதுன்னு நான் சொல்லவே இல்ல. இங்கிலீஷ்னு சொல்லியிருந்தா, பெரிய ஏ, சின்ன ஏ ரெண்டும் ஒரே எழுத்துன்னு புரிஞ்சு பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கும். சொல்லலன்னா அதுக்கு ரெண்டும் வேற வேற ஆளு. பெரிய எழுத்து மொத்தமும் முன்னாடி, சின்ன எழுத்து மொத்தமும் பின்னாடி."

"மூணு வாரமா என் உயிர வாங்கினது இவ்வளவுதானா?"

"ஒரே ஒரு வரிதான்" என்று சொல்லிக்கொண்டே பிரஸ்காரர் அதைத் தட்டினார். பட்டியல் திரையில் மாறியது. இரண்டு வீட்டாரும் கலந்து வந்தார்கள், கலந்து நின்றார்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆல்பக்காரருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

ஸ்டூடியோவுக்குத் திரும்பினால், அவர் மேஜைக்கு எதிரே கல்யாணப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மூன்றாவது ஆல்பம்.

"உனக்கு நூறு வயசும்மா. இப்பதான் தப்பைக் கண்டுபிடிச்சுட்டு வரேன்" என்று மூச்சு வாங்க உட்கார்ந்தவர், பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் கதை முழுவதையும் சொன்னார். வேலை பிழைத்த சந்தோஷத்தில் இரண்டு தடவை சொன்னார். அவள் ஆல்பத்தைப் புரட்டி நாற்பதாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"அப்ப இந்த நாப்பதாம் பக்கம் வரைக்கும் அவங்க கேமரா. அதுக்கப்புறம் முழுக்க எங்க கேமரா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கல, இல்லண்ணா?"

"ஒரு படம்கூடக் கலக்கல. அதானம்மா தப்பு."

"நாங்க ரெண்டு பேரும் நிக்கற படம்?"

"அது ரெண்டு பக்கமும் இருக்கு. ரெண்டு கேமராவும் மேடையத்தானே பாத்துட்டு இருந்துச்சு." ஆல்பக்காரர் ஆர்டர் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "நாளைக்கே புதுசா அடிச்சுக் குடுத்துடறேன். இனிமே உங்க அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு."

அவள் ஆல்பத்தை மேஜைமேல் நாற்பதாம் பக்கத்தில் விரித்து வைத்தாள். நடு மடிப்பை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட்டாள். அழுது முடித்து நாளான முகம்.

"புதுசு வேண்டாம்ணா. இதையே இங்க வெட்டி, ரெண்டா பைண்ட் பண்ணிடுங்க. முதல் பாதிய அவர் வீட்டுக்கு அனுப்பிடுங்க."