முப்பத்தேழு பேர்

அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் ஞானசிகாமணி, தன் முதுகலை மாணவி ஆரோக்கியமேரியைப் பேராசிரியராக்கிக் காட்டுவதாக எல்லோரிடமும் சொல்லிவந்தார். தன்னுடைய புதிய தையல் முறையைப் பற்றி மாநாட்டில் பேசும் வாய்ப்பையும் அவளுக்கே கொடுத்தார். மாநாட்டுக்கு முந்தைய நாள் மதியம் அவள் கட்டுரையை அவரிடம் காட்டினாள். நாற்பது நோயாளிகள், அவர்களில் மூவர் மரணம்.

"இந்த மூணு பேரையும் எடுத்துடு. முப்பத்தேழு பேருன்னு போடு."

"செத்துப்போனவங்கள எப்படி சார் எடுக்கறது? ஃபைல் இங்கதான இருக்கு?"

அவள் இரும்பு பீரோவைத் திறந்து, அதன் விளிம்பில் ஒரு கையை ஊன்றியபடி கோப்புகளைத் தேடினாள். அவர் எழுந்து வந்து பீரோ கதவை அந்தக் கையின் மேல் அறைந்து சாத்தினார். விரல் எலும்பு முறிகிற சத்தம்தான் அவளுக்கு முதலில் கேட்டது. வலி பிறகு வந்தது. அவள் அலறியும் அவர் விடவில்லை, கதவைத் தோளால் இன்னும் நெருக்கினார்.

"வாத்தியாரா வரணுமா, வேணாமா?"

கதவின் பச்சை வண்ணத்தில் ரத்தம் கோடாக இறங்கியது.

மறுநாள் மாவுக்கட்டோடு மேடை ஏறினாள். அவர் முன்வரிசையில் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

"நாற்பது பேருக்குச் செய்தோம். மூணு பேர் இறந்துட்டாங்க" என்றாள்.

ஞானசிகாமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு, கையை ஓங்கியபடி மேடைப் படிகளில் ஏறினார். அவள் மைக்கை விட்டு நகரவில்லை.

"மூணு பேருக்கும் தையல் போட்டது நான். சொல்லிக்கொடுத்தவர் இதோ வர்றார்."