பழைய டிவியும் இரண்டு முட்டையும்

யார் வீட்டிலோ ஓடி ஓய்ந்து இந்த வீட்டுக்கு வந்த டிவி அது. பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை விட்டால்தான் படம் வரும். அதன் முதுகுக்குள், இளஞ்சூட்டில், ஒரு பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது.

"தூக்கிப் போட்டுடலாம்," என்றான் வீட்டுக்காரன்.

"ரிப்பேர் பண்ணிப் பார்க்கலாங்க," என்றாள் மனைவி.

உள்ளே பல்லி கணக்குப் போட்டுப் பார்த்தது. தூக்கினாலும் முட்டை போச்சு, திறந்தாலும் போச்சு.

"சரி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்," என்றான் அவன்.

"ச்சு ச்சு!" என்றது பல்லி.

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று இருவரும் நிம்மதியாக எழுந்தார்கள்.

வாராவாரம் இதே கூத்து.

"கன்னம் வீங்கிப்போச்சு தாயி," என்று டிவி முனகும்.

"குஞ்சு பொரியட்டும் அண்ணே. அப்புறம் ரிப்பேருக்குத்தான் சொல்வேன்," என்று பல்லி சத்தியம் செய்யும்.

குஞ்சுகள் பொரிந்தன. மனைவி மறுபடியும் "ரிப்பேர்" என்றதும், பல்லி தொண்டை கிழியச் சொன்னது.

"அப்போ பண்ணிட வேண்டியதுதான்," என்றான் அவன். "அடுத்த வாரம்."

முட்டைக்குள் இருந்தபோதே கேட்டுப் பழகிய இரண்டு பிஞ்சுக் குரல்கள் டிவிக்குப் பின்னாலிருந்து ஆசையாகச் சொல்லின:

"ச்சு ச்சு!"