கப்பலில் போன அப்பா

பான் நகர அகதிகள் விடுதியின் கூடத்தில், பின்னேரங்களில் ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்று ஜெர்மன் குரலில் ஓடும். மொழி தெரியாத மங்களேஸ்வரிக்கு மகள் துஷ்யந்திதான் தமிழில் சொல்லுவாள்.

அன்றைக்குத் தொடரில் வரும் சிறுமியின் அப்பா கட்டிலில் கண்ணை மூடினார். சிறுமி விழுந்து அழுதாள்.

மங்களேஸ்வரி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஊரில் கணவர் ஷெல் குண்டு பட்டு இறந்த செய்தி தொலைபேசியில் வந்து இரண்டு மாதம். மகளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"அப்பா நித்திரையாம். எழும்பிக் கப்பலிலை தூர வேலைக்குப் போறாராம். பிறகு வருவாராம்."

மங்களேஸ்வரிக்கு மூச்சு வந்தது. பின்னால் நின்ற பக்கத்து அறைக் குணசேகரத்திடம் மெல்லச் சொன்னாள்.

"நல்ல காலம் அண்ணை, பிள்ளையளுக்காகக் கதையை மாத்திப்போட்டினம்."

"ஓம் தங்கச்சி, குரல் குடுக்கேக்கை கனக்க மாத்திறவை. சாவைப் பயணம் எண்டு சொல்லுறதும் உண்டு. ஆனா இதிலை மாத்தேல்லை. தேப்பன் செத்துப்போனார் எண்டுதான் ஜெர்மனிலை சொன்னவை."

மங்களேஸ்வரி மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் பிள்ளை மாத்திச் சொன்னனீ?"

துஷ்யந்தி தலை குனிந்தாள்.

"நீங்கள் அழுவியள் எண்டுதான். அண்டைக்கு ரெலிபோனிலை மாமா சொன்னது எனக்கும் கேட்டது அம்மா."