பதினைந்தில் தெரிந்த துகள்

“பெயின்ட்டுக்குத்தான் நூறு மைக்ரான் கேஜ். அச்சு மைக்கு இந்த இருபத்தஞ்சு போதும்க்கா” என்று விற்பனைக்காரர் புது கேஜைச் சோதனைக்கூட மேசையில் வைத்தார். பள்ளம் வெட்டிய எஃகுக் கட்டை. பள்ளத்தில் மையை இழுத்தால், எந்த எண்ணில் துகள் தலைகாட்டுகிறது என்று தெரியும். எண் குறைந்தால் மை நயம்.

மையைச் சோதிப்பது அவள் வேலை. போன மாதம் துகள் அதிகம் என்று தானே கழித்த மையை எடுத்துவந்தாள். பழைய கேஜில் பதினைந்திலேயே துகள். புதியதில் ஐந்து வரை வழவழப்பு.

“பழசு மேல்பக்கம் தேஞ்சு, பள்ளத்தோட ஆழம் குறைஞ்சிருச்சுக்கா. நல்ல மையையும் கொரகொரன்னு காட்டும்.”

மேலாளர் கொட்டாவி விட்டார். “புதுசை வாங்கிடும்மா. பழசைத் தூக்கிப் போடு.”

“இந்த மைக்காக வேலைய விட்டு அனுப்புனீங்களே சார், மை அரைக்கிற மில்லை ஓட்டுனவரை?”

“துகள் அதிகம்னு நீதானேம்மா கையெழுத்துப் போட்டே? போனது போகட்டும்.”

அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கையைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள்.

வீட்டில் கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என் இடத்துக்கு வந்தவன் மையை எப்படி அரைக்கிறான்?”

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள்.

“முப்பது வருஷம் அரைச்ச கை, எப்ப கெட்டுதுன்னே தெரியல. நீ அளந்தா தப்பாகுமா?”

அவள் பையிலிருந்து பழைய கேஜை எடுத்து, காய்த்தட்டின் பக்கத்தில் வைத்தாள்.