ஷிப்லியின் ஒன்பதாவது பிழை

"ஷிப்லியை இனி வண்டியில ஏத்த ஏலா. கேற்றடியில இருந்து வாற போற ஆக்களைப் பார்க்கட்டும்."

தீயணைப்பு நிலையப் பொறுப்பதிகாரி ஸைனுலாப்தீன் இப்படிச் சொன்னதும், வண்டிச் சாரதி நல்லரெத்தினம் வாயில் ஊற்றிய தேநீரை விழுங்க மறந்தார்.

"சேர், நெருப்புக்குள்ள முதல்ல போறவன் அவன்தானே?"

"முதல்ல போய் முதல்ல பிழை விடுறவன். கொப்பியைப் பாருங்க, தெரியும்!"

அது லேசுப்பட்ட கொப்பி அல்ல. ஸைனுலாப்தீன் கொழும்பில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், இரண்டு பகலும் புரியாணி சாப்பிட்டு, கையோடு கொண்டுவந்த யோசனை அது. யாராவது மயிரிழையில் தப்பினால் உடனே எழுத வேண்டும். மற்றவர்கள் வாசித்துத் திருந்த வேண்டும். எழுதியவனை ஏசக் கூடாது என்றும் அங்கே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அதைச் சொன்னது சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில். மனுசன் அப்போது நல்ல நித்திரை.

ஊருக்கு வந்ததும் தேநீர் மேசையில் கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டார். தன் பங்குக்கு அட்டையில் ஒரு வரியும் எழுதினார்: பெயரும் கையெழுத்தும் கட்டாயம்.

றிஸ்வான் நல்ல பிள்ளையாக முதலில் எழுதினான். ஏணியின் காலை ஆள் பிடிக்கும் முன்பே ஏறிவிட்டானாம். மறுநாள் காலை ஸைனுலாப்தீன் அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, பரம்பரையையே இழுத்து ஏசி, இரண்டு கிழமை மலசலகூடம் கழுவ விட்டார்.

அன்றிலிருந்து நிலையத்தில் எவருக்கும் எந்த ஆபத்தும் வருவதில்லை. எல்லோரும் அவ்வளவு கவனம்! ஷிப்லி ஒருத்தன்தான் மாதத்துக்கு ஒன்று என்று எழுதித் தள்ளினான்.

அவனைக் கேற்றடிக்கு மாற்றும் கடிதம் தயார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஸைனுலாப்தீன் ஷிப்லியைத் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். நடந்து போக அவரால் முடியாது. இடது காலில் பெரிய கட்டு. வீட்டில் சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டதாம்.

"என்னடா இது? 'சிலிண்டரில் காற்று எவ்வளவு என்று பார்க்காமல் புகைக்குள் போனேன்.' நீயா?"

"கொப்பியில அப்பிடித்தானே இரிக்கி சேர்."

"'மருதமுனையில் கைத்தறிக் கொட்டில் எரிந்தபோது, கரண்டை நிறுத்தாமல் தண்ணீர் அடித்தேன்.' இதுவும் நீயா?"

வாசிக்கும்போதே அவருக்கு ஏதோ இடித்தது. லீவுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"டேய், அண்டைக்கு உன்ட தங்கச்சிட கலியாணம். நீ லீவு!"

ஷிப்லி தலையைச் சொறிந்தான். "ஓம் சேர். பந்தியில சஹன் தட்டுத் தூக்கிட்டு நிண்டன்."

"அப்ப ஏன் எழுதின?"

"செஞ்ச ஆளுக்கு எழுதப் பயம். எழுதாட்டி நாளைக்கு இன்னொருத்தனைக் கரண்டு அடிக்கும். என்ட பேருல எழுதினா எனக்கு ஏச்சு மட்டுந்தானே சேர்? அதுக்குப் பொறகு ஆராவது மெயின் சுவிட்சைப் பார்க்காமத் தண்ணி அடிச்சாங்களா?"

ஒருவரும் அடிக்கவில்லை. அது ஸைனுலாப்தீனுக்கும் தெரியும். ஒப்புக்கொண்டால் பிறகு அதிகாரி எதற்கு?

"பொய்ப் பதிவு! அது இன்னொரு குற்றம்!" மேசையில் ஓங்கிக் குத்தினார். "எனக்கு ஆளைச் சொல்லு. ஒவ்வொரு பிழைக்கும் பேர் வேணும். ஒருத்தனையும் உடமாட்டன்!"

"வேணாம் சேர்."

"சொல்லுடா!"

"ஒன்பதாவதுக்குமா சேர்?"

அவர் வாசித்திருந்தது எட்டுத்தான். பக்கத்தைத் திருப்பினார். இன்று காலை எழுதியிருந்தான்.

'செவ்வாய்க்கிழமை, சவளக்கடைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் உமிக் குவியல் எரிந்தது. மேலே சாம்பலாகக் கிடந்ததால் அணைந்துவிட்டது என்று நினைத்தேன். கம்பால் குத்திப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பின்பக்கம் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த நேரம், பேஸ்புக்கில் போடுவதற்கு ஒரு படம் எடுக்க, இடுப்பில் கைவைத்துக் குவியலின் உச்சியில் ஏறி நின்றேன். உள்ளே தணல். இடது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. இனி ஒருவரும் குத்திப் பார்க்காமல் உமியில் கால் வைக்க வேண்டாம். இப்படிக்கு, ஷிப்லி.'

ஸைனுலாப்தீன் கட்டுப் போட்ட காலை மேசைக்கடியில் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லட்டா சேர்?" ஷிப்லி மரியாதையாகத்தான் கேட்டான்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு இவன் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால், இன்றைக்கு வீட்டில் அவர் மௌத்துக்கு மூன்றாம் நாள் கத்தம் ஓதியிருப்பார்கள். கடிதத்தை நாலாகக் கிழித்தார். பேனையை எடுத்து ஒன்பதாவதில் ஷிப்லியின் பெயரை வெட்டிவிட்டு, கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார். கீழே பதவியையும் போட்டார், கைப்பழக்கம் விடவில்லை. பிறகு நொண்டி நொண்டிப் போய், தேநீர் மேசையில் கொப்பியைத் தானே கட்டினார்.

பின்னேரத்துக்குள் அதில் ஐந்து புதுப் பிழைகள் ஏறியிருந்தன. ஐந்தும் ஐந்து கையெழுத்து. கடைசியாக இருந்தது ஷிப்லியுடையது.

'செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை எடுத்தது நான். ஏறாதீங்க சேர் என்று வாய் வரை வந்தது. பெரியவராச்சே என்று விழுங்கிவிட்டேன். இது மட்டும் உண்மையாகவே என் பிழை.'