ஒரு ‘டி’ போடுங்க சார்

“சார், கெஞ்சிக் கேக்கிறேன். என்னை ஃபெயில் பண்ணிடுங்க!”

நோர்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கலிஃபோர்னியாவின் பால்பண்ணை ஊர் ஒன்றில், சமுதாயக் கல்லூரியின் ஒரே வேதியியல் ஆசிரியர் அவர். மார்க்கைக் கூட்டச் சொல்லி அழுகிறவர்களுக்கென்று ஏழெட்டு பதில்கள் கைவசம் இருந்தன. இதற்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

“மிசஸ் போர்ஜெஸ், நீங்க பாஸ். ‘சி’ வந்திருக்கு. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க.”

“அந்த ‘சி’தான் சார் என் கழுத்தை அறுக்குது! பல்கலைக்கழகத்துல பால் அறிவியல் படிக்கணும்னா வேதியியல்ல ‘பி’யாவது வேணும். ‘சி’ வாங்கினா இதே பாடத்தை மறுபடி எடுக்கக் கூடாதுன்னு இங்க விதி. ‘டி’ன்னா ஃபெயில் கணக்கு, மறுபடி எடுக்கலாம். இந்த ஒரு பாடத்தால, இத்தனை வருஷம் படிச்சுச் சேர்த்ததை அங்க கொண்டுபோக முடியாது. நான் சாகுறவரைக்கும் சீஸ் ஆலையில பெட்டி அடுக்க வேண்டியதுதான்.”

அந்த விதி அவருக்கும் தெரியும். ஒவ்வொரு பருவமும் முதல் வகுப்பில் அதைச் சொல்லிப் பயமுறுத்துவதே அவர்தான். மார்க் போடுகிற அன்று மட்டும் மறந்து தொலைத்துவிட்டார்.

“அதுக்காக? மார்க் என்ன கறிக்கடையா, கூடக் கொறைச்சுப் போட? நீங்க எழுதினதுக்கு எழுபது. எழுபதுன்னா ‘சி’.”

“நான் எழுதினதுக்கா?” மிசஸ் போர்ஜெஸ் விடைத்தாளை மேசைமேல் விரித்தார். “இந்த ஏழாவது கேள்வியைப் பாருங்க. தயிர்ல இருக்கிற அமிலம். அதை வலுவான அமிலம்னு நெனச்சுக் கணக்குப் போட்டிருக்கேன். அது பலவீனமான அமிலம் சார். தண்ணியில முழுசாப் பிரியாது. கொஞ்சம் பிரியும், மிச்சம் அப்படியே இருக்கும். அப்போ என் விடை எப்படி சரியாகும்? நாலு மார்க் போட்டிருக்கீங்க!”

“விடை தப்புதான். ஆனா வழிமுறை ஒழுங்கா இருந்துச்சே.”

“தப்பான பஸ்ல ஏறி, ஒழுங்கா டிக்கெட் எடுத்த மாதிரி!”

நோர்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பருவம் முழுக்க அவர் கரும்பலகையில் முட்டிமோதிப் புரியவைக்க முடியாததை, இந்த அம்மாள் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். இப்போது இவருக்கு ‘ஏ’ போடலாம். ஆனால் அந்த ‘ஏ’யை வாங்க வேண்டுமென்றால் முதலில் ஃபெயிலாக வேண்டும்.

“இதே தப்பைப் பண்ணின மத்தவங்களுக்கு எவ்வளவு போட்டீங்க?”

நோர்பர்ட் சன்னலைப் பார்த்தார்.

“சொல்லுங்க சார்.”

“சைபர்.”

“எனக்கு மட்டும் என்ன?”

“காலையில ஆலை, சாயங்காலம் வகுப்புன்னு கஷ்டப்படுறீங்களேன்னு...”

“கருணை காட்டி என்னைக் குழியில தள்ளப் பாத்தீங்க. இதுல சிரிப்பு வேற.”

மார்க்கை அலுவலகத்துக்கு அனுப்ப இன்னும் ஒரு நாள் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த நாலை அடித்தார். அறுபத்தாறு. ‘டி’.

மிசஸ் போர்ஜெஸின் முகம் லாட்டரி விழுந்தவர் முகம்போல் மலர்ந்தது. “அடுத்த பருவம் முதல் வரிசையில உக்காருவேன். ஒரு மார்க்குகூடப் பிச்சை போடக் கூடாது.”

“சத்தியமாப் போட மாட்டேன்.”

வாசல்வரை போனவர் வராந்தாவை எட்டிப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, நோர்பர்ட்டின் காதைப் பிடித்துத் திருகினார்.

“ஏன்டா, பெத்தவளை ஃபெயில் பண்ண உனக்கு இவ்வளவு நேரமா?”