பண்டிகைக்குச் செல்லாத பாஸ்

"கண்ணை மூடிக்கிட்டு நீல பாஸை வாங்குங்க மச்சான். தங்கப் பாஸெல்லாம் பணத்தைத் தண்ணியாச் செலவழிக்கிறவங்களுக்கு" என்றான் லைல், போனில்.

மறுமுனையில், ஒஹாயோவில், அவன் மனைவி ரொவீனாவின் அண்ணன் வெர்னன்.

"நான் கூப்பிட்டதே அது விஷயமாத்தான் மாப்ளே. இந்த வருஷம் நாங்க..."

"இருங்க, முழுசாச் சொல்லி முடிச்சுடறேன்."

ஃப்ளோரிடாவில், ராட்டினங்களும் சவாரிகளும் நிறைந்த ஒரு பெரிய பொழுதுபோக்குப் பார்க்கிலிருந்து இருபது நிமிஷத் தூரத்தில் லைல் வீடு வாங்கியிருந்தான். அது வாசலில் இலவச லாட்ஜ் என்று போர்டு மாட்டியதற்குச் சமம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கிறிஸ்மஸ், வசந்த விடுமுறை, ஜூலை நான்கு சுதந்திர தினம். மூன்றுக்கும் வெர்னன், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் பத்து நாள். நாற்காலிக்கு நாற்காலி ஈரத் துண்டு. ஹாலில் விரித்த காற்று மெத்தையைத் தாண்டித்தான் பிரிட்ஜுக்கே போக முடியும். லைலின் சாய்வு நாற்காலியில் லைலின் பீரோடு வெர்னன் உட்கார்ந்திருப்பார். ஒரே ஆறுதல், காலை எட்டு மணிக்கு ஐந்து பேரும் பார்க்குக்குக் கிளம்பிப் போய்விடுவார்கள், இரவு சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள்.

"எங்கண்ணனை வராதேன்னு உன் வாயால சொன்னே, அப்புறம் வருஷம் பூரா அந்த மெத்தையில நீதான் படுக்கணும்" என்று ரொவீனா முன்பே சொல்லி வைத்திருந்தாள். அதனால் வாயால் சொல்ல வழியில்லை. லைல் ஒரு அட்டவணை போட்டான்.

மூன்று நாள் ஆபீஸ் வேலையை ஓரம் கட்டிவிட்டுப் போட்ட அட்டவணை. பார்க்கின் வருஷ பாஸில் மூன்று வகை: தங்கம், வெள்ளி, நீலம். எதில் பார்க்கிங் இலவசம், எதில் சாப்பாட்டுக்குத் தள்ளுபடி, எத்தனை தடவை போனால் போட்ட காசு வரும், எல்லாம் இருந்தது. நீலம்தான் இருப்பதிலேயே மலிவு. ஆனால் பண்டிகை, விடுமுறை நாட்களில் அது செல்லாது. மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தப் பாஸை வாங்க வைத்தால், பாஸ் பாக்கெட்டில் இருக்கும், குடும்பம் ஒஹாயோவில் இருக்கும். இதைக் கண்டுபிடித்தபோது லைல் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

இப்போது அவன் அட்டவணையை வரி வரியாகப் படித்தான். சமையலறையிலிருந்து ரொவீனா கரண்டியை ஆட்டி ஏதோ சைகை காட்டினாள். இன்னும் பாசமாகப் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு குரலில் வெல்லத்தைக் கரைத்தான்.

"உங்க பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன் மச்சான். வேற யாருக்கு நான் செய்யப் போறேன்?"

"அதில்ல மாப்ளே, உனக்கு எதுக்கு வீண் சிரமம்னுதான் நாங்க..."

"சிரமமா? இது உங்க வீடு மச்சான். நாங்கதான் இங்க விருந்தாளி."

ரொவீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். லைல் விடவில்லை. இன்றைக்குள் வாங்கினால் இருபது சதவீதம் தள்ளுபடி உண்டு, வாங்கிய பிறகு பணம் திரும்பக் கிடைக்காது, அதனால் யோசிக்காமல் வாங்கிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"எங்களுக்காகவா இவ்வளவும் உக்காந்து போட்டே?" என்று கேட்ட வெர்னனின் குரல் தழுதழுத்தது. அரை மணி நேரத்தில் கூப்பிடுவதாகச் சொல்லி போனை வைத்தார்.

அந்த அரை மணி நேரம் லைலுக்கு சொர்க்கமாக இருந்தது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டான். ரொவீனா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நீ பேசாம இரு, உங்கண்ணன் மனசு கோணாம எல்லாத்தையும் முடிச்சாச்சு" என்று அடக்கினான். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனாள்.

போன் அடித்தது.

"அஞ்சு நீல பாஸ் வாங்கிட்டேன் மாப்ளே."

"நல்ல காரியம் பண்ணீங்க. என்ன, கிறிஸ்மஸுக்குத்தான் செல்லாது. பாவம் பிள்ளைங்க" என்றான் லைல், முடிந்த மட்டும் சோகமாக.

"அது கிடக்கட்டும். உன்கிட்ட மறைக்கக் கூடாது. இந்த வருஷம் நாங்க வரலைன்னு சொல்லத்தான் முதல்ல கூப்பிட்டேன். உனக்குத் தொந்தரவா இருக்கோமோன்னு, எல்லா லீவுக்கும் டென்னசி மலையில ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடிச்சிருந்தோம். ரொவீனாவுக்கும் மெசேஜ் போட்டிருந்தேன்."

லைலின் கால்கள் தாமாகவே தரைக்கு வந்தன.

"நீ அட்டவணை போட்டதைக் கேட்டு என் பொண்டாட்டி அழுதுட்டா மாப்ளே. உடனே மரவீட்டை ரத்து பண்ணச் சொல்லிட்டா. இனிமே மாசம் ரெண்டு சனி, ஞாயிறு பார்க்குக்கு வர்றோம், இந்த வாரத்துலேர்ந்தே. கிறிஸ்மஸுக்குப் பாஸ் செல்லாததும் நல்லதாப் போச்சு. பத்து நாளும் பார்க் பக்கமே போகாம, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வீட்டுலயே உன்கூட உக்காந்திருக்கோம்."

போனை வைத்துவிட்டு லைல் திரும்பியபோது, ஸ்டோர் ரூமிலிருந்து வந்த ரொவீனா, "கரண்டியை ஆட்டினது இதைச் சொல்லத்தான்" என்று மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பை அவன் கையில் கொடுத்தாள்.